‘பிழைத்தது’ என்றால் போதுமா?

மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாயிலில் காத்து நிற்கும் பாட்டிமார் கேட்பது ஒரே கேள்விதான்: “பிள்ளை பிழைத்துக்கொள்ளுமா?” டாக்டர் ‘ஆம்’ என்று தலையசைத்துவிட்டால் போதும், வேண்டிக்கொண்ட தெய்வங்களுக்கெல்லாம் அன்றே நன்றி சொல்லியாகிவிடும். அந்த மகிழ்ச்சியில் குறை காண நான் வரவில்லை. ஆனால் டாக்டரும், அரசாங்கமும், புள்ளிவிவரம் தொகுப்போரும் அதே பாட்டியைப் போல, ‘பிழைத்தது’ என்ற ஒரு சொல்லோடு கணக்கை மூடிவிடுவது சரியா? சரியன்று என்பது என் கருத்து.

காரணம் இதுதான். பிறந்த சில நாட்களில் கிருமி இரத்தத்தில் கலந்து கடுமையாக நோயுற்ற குழந்தையின் உடலுக்குள், நோயை எதிர்க்கும் படையை உருவாக்கும் உறுப்பே சுருங்கிப் போகிறது. காய்ச்சல் தணிந்து, குழந்தை பால் குடித்து, எடையும் ஏறி வீடு திரும்பிய பின்னும் அந்த உறுப்பு சில காலம் பழைய நிலைக்கு வருவதில்லை. அதன் பெயர் தைமஸ்.

நம்மில் பலர் இப்பெயரைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, இரண்டு மடல்களாகப் படிந்திருக்கும் மென்மையான சுரப்பி அது. பிற உறுப்புகள் ஆள் வளர வளர வளர்கின்றன. தைமஸோ பிறக்கும்போதே பெரியது. பிறந்த குழந்தையிடம் பத்துப் பதினைந்து கிராம் இருக்கும். மூன்று கிலோக் குழந்தைக்கு அது சிறிய சொத்தன்று. பருவ வயதில் முப்பது நாற்பது கிராமை எட்டி, பின்னர் சிறிது சிறிதாகக் கொழுப்பாக மாறித் தேய்கிறது. இதைப் படிக்கும் உங்கள் எல்லாருக்கும் அது தேயத் தொடங்கிவிட்டது. அஞ்ச வேண்டாம், அதன் பெரும்பணி முடிந்துவிட்டது.

அப்பணிதான் என்ன? எலும்பு மச்சையில் பிறந்த இளம் அணுக்கள் தைமஸுக்கு வந்து சேர்கின்றன. அங்கே அவை தம்மவர் யார், அயலார் யார் எனப் பிரித்தறியப் பழகுகின்றன. தன் உடலையே தாக்கக்கூடிய அணுவும் தள்ளப்படுகிறது. எதையுமே அடையாளம் காணத் தெரியாத அணுவும் தள்ளப்படுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேறாமல் அங்கேயே மடிகின்றன. நம் பல்கலைக்கழகத் தேர்வாளர்கள்கூட இத்தனைக் கடுமையானவர்கள் அல்லர்! தேறி வெளியே வருபவையே ‘டி’ அணுக்கள். தைமஸின் முதலெழுத்தே அவற்றின் பெயராயிற்று. வாழ்நாள் முழுதும் நமக்குக் காவல் நிற்பவற்றுள் பெரும்பகுதி, நாம் குழந்தைகளாக இருந்தபோது அங்கே தேறியவையும் அவற்றின் வழிவந்தவையுமே.

இப்போது கிருமி வந்துவிட்டது என்று கொள்வோம். உடல் முதலில் செய்வது அபாய மணி அடிப்பது. அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைப் பொழிகிறது. இரத்த அழுத்தத்தைத் தாங்கவும், வீக்கத்தை அளவுக்குள் வைக்கவும் அது வேண்டும். ஆனால் அந்தக் கார்ட்டிசாலுக்கு முதற்பலி ஆகின்றவை தைமஸின் புறணியில் பயிற்சியில் இருக்கும் அணுக்களே. அவை கூட்டங்கூட்டமாகத் தாமே மடிகின்றன. மடிந்தவற்றை விழுங்க வரும் பெரிய அணுக்கள் புறணியில் ஆங்காங்கே வெளிறித் தெரிகின்றன. நுண்ணோக்கியில் பார்ப்போருக்கு அது கருவானில் விண்மீன் தெளித்தாற்போல் காட்சியளிக்கும். அழகிய காட்சிதான், ஆனால் எதன் காட்சி! நோய் நீடித்தால் புறணி மெலிந்து, உட்பகுதிக்கும் அதற்கும் உள்ள எல்லையே அழிந்துபோகிறது. இறந்த குழந்தைகளின் தைமஸை ஆராய்ந்த நெதர்லாந்து நாட்டு நோய்க்கூறியலார், அது எந்த அளவு அழிந்துள்ளது என்பதைக் கொண்டே நோய் எவ்வளவு காலம் நீடித்தது எனக் கணிக்கலாம் என்று 1988-இல் எழுதினர். நோயின் நாட்குறிப்பு அந்தச் சுரப்பியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இஃது அட்ரினல் வழியே நிகழ்வது என்பதற்கு முதற்குறிப்பு மான்ட்ரியால் நகரிலிருந்து வந்தது. ஹான்ஸ் செலியே என்பவர் எலிகளைப் பலவகைத் துன்பங்களுக்கு உள்ளாக்கினார். குளிர், காயம், நஞ்சு என எதைக் கொடுத்தாலும் ஒரே விளைவு: அட்ரினல் பெருத்தது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் கண்டது. 1936-இல் அவர் இதை வெளியிட்டார். ‘ஸ்ட்ரெஸ்’ என்று இன்று நாம் தேர்வுக் காலத்தில் புலம்பும் சொல் ஆராய்ச்சியில் இடம்பிடித்தது அவரால்தான்.

தாக்கப்படுவது தைமஸ் மட்டுமன்று. நாளங்களில் சுற்றும் வெள்ளணுக்கள் தீர்ந்ததும் இட்டு நிரப்ப எலும்பு மச்சையில் பெரியவர்களிடம் இருப்புண்டு. பிறந்த குழந்தையிடம் அது சொற்பம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கடுந்தொற்றில் இவ்விருப்பு விரைவில் வற்றுகிறது. இரத்தச் சோதனையில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருப்பதைக் கண்டால் டாக்டர்கள் முகம் வாடுவது இதனால்தான். மண்ணீரலும் முதிராதது, உறை போர்த்திய கிருமிகளை எதிர்க்கும் திறன் அதற்குக் குழந்தையின் இரண்டாம் வயதளவில்தான் நன்கு அமைகிறது. குறைமாதப் பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாயின் எதிர்ப்புப் பொருள்களுள் பெரும்பகுதி கருவில் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே வந்து சேர்கிறது. முன்னரே பிறந்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சீதனமும் குறைவு. கருவறையிலேயே தொற்றுக்கு ஆளானால், பிறக்கும்போதே தைமஸ் சிறுத்திருக்கிறது. இதை மார்பு எக்ஸ்ரேயிலேயே டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது மருத்துவ வரலாற்றின் ஒரு வெட்கக்கேடு. என் வாதத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

நல்ல உடல்நலத்தோடு இருந்த குழந்தை தொட்டிலில் திடீரென இறந்துபோவதுண்டு. 1889-இல் வியன்னாவைச் சேர்ந்த பால்டாஃப் என்னும் மருத்துவர், இப்படி இறந்தோரிடம் தைமஸ் ‘பெருத்திருக்கிறது’ என்றும், அதுவே சாவுக்கு அடையாளமான ஒரு பிறவிக்கோளாறு என்றும் எழுதினார். பிற மருத்துவர்களும் அறுத்துப் பார்த்தார்கள். உண்மைதான், மற்றக் குழந்தைகளின் தைமஸைவிடப் பெரிதாகவே இருந்தது. ஆனால் அந்த ‘மற்றக் குழந்தைகள்’ யார்? ஏழைகளுக்கான மருத்துவமனைகளில் பட்டினியாலும் வயிற்றுப்போக்காலும் தொற்றாலும் நாட்கணக்கில் வதைபட்டு இறந்தவர்கள். அறுவை மேசைக்கு வந்த உடல்கள் பெரும்பாலும் அவர்களுடையவை. நோயால் சுருங்கிப்போன தைமஸையே இயல்பான அளவு என்று நூல்கள் எழுதி வைத்திருந்தன! திடீரென இறந்த குழந்தையிடம் இருந்ததுதான் இயல்பான தைமஸ். வறுமையை அளவுகோலாக்கி, நலத்தை நோய் என்று பட்டம் சூட்டிய கதை இது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ‘பெருத்த’ தைமஸைச் சுருக்குவதற்கென்று, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நலமுள்ள குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். இங்கிலாந்தில் இதை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. அதன் ஆய்வை யங், டர்ன்புல் இருவரும் 1931-இல் வெளியிட்டு, அப்படியொரு கோளாறே இல்லை என்றனர். கேட்டவர் யார்? கதிர்வீச்சு அதன் பிறகும் தொடர்ந்தது. 1950-இல் நியூயார்க் மருத்துவர்கள், தைராய்டுப் புற்றுநோயோடு வந்த சிறுவர்களுள் பலர் கைக்குழந்தையாக இருந்தபோது இக்கதிர்வீச்சைப் பெற்றவர்கள் என்று கண்டு எழுதினர். ராச்செஸ்டர் நகரில் அவ்வாறு கதிர்வீச்சு பெற்றோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் ஐயம் நீங்கியது.

இத்தனை நடந்த காலம் முழுவதும் தைமஸ் எதற்கு இருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஜாக்ஸ் மில்லர் என்னும் இளைஞர் லண்டனில் பிறந்தவுடன் எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டு, அவை மெலிந்து தொற்றுநோயால் மடிவதையும், அயல் தோலை ஒட்டினால் எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதையும் கண்டு 1961-இல் வெளியிட்ட பிறகே அதன் பெருமை உலகுக்குத் தெரிந்தது. வளர்ந்த எலியிடமிருந்து எடுத்தால் உடனடி இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. பிறந்தவுடன் எடுத்தால்தான் கேடு. பிறந்த நாட்களே பொன்னான நாட்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இன்று அந்தப் பழைய தவறு வேறு உருவில் நம்மிடையே உலவுகிறது என்கிறேன். அன்று நோயுற்றவனின் உறுப்பை நலமுற்றவனின் அளவாகக் கொண்டார்கள். இன்று தராசு முள் ஏறிவிட்டால் குழந்தை நலமுற்றது எனக் கொள்கிறோம். பொலிவியா நாட்டில் கோச்சபம்பா நகரில் 1990-களில், ஊட்டக்குறைவோடு வந்த குழந்தைகளின் தைமஸை ஸ்கேன் கருவியால் அளந்து பார்த்தார்கள். நல்ல உணவு கொடுத்ததில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் எடை தேறிவிட்டது. தைமஸ் தேற இரண்டு மாதங்கள் ஆயின. எடையை நம்பி ஒரு மாதத்தில் அனுப்பப்பட்ட குழந்தை, பாதிக் காவலோடு தன் பழைய குடிசைக்குத் திரும்புகிறது. அங்கே பழைய தண்ணீரும் பழைய ஈக்களும் காத்திருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டில், பிறந்தபோது தைமஸ் சிறுத்திருந்த குழந்தைகள் பின்னர் மிகுதியாக இறந்தனர் என்பதும், அது எடையால் மட்டும் விளங்கக்கூடியதன்று என்பதும் 2002-இல் வெளியாயின.

“சுரப்பி தானே மறுபடி வளர்ந்துவிடுமே, இதற்கேன் இத்தனை கலவரம்?” என்று உயிரியல் பயிலும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். வளரும், மறுக்கவில்லை. ஊட்டம் கிடைத்தால் வளரும். அடுத்த தொற்று வருமுன் நேரம் கிடைத்தால் வளரும். இந்த இரண்டு ‘ஆல்’களும் யார் வீட்டில் உறுதி? கோத்ரூடு அடுக்குமாடியில் பிறந்த குழந்தைக்கு உறுதி. கட்டடம் கட்ட வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் கூலிப் பெண்ணின் குழந்தைக்கு?

நாம் வாழும் இப்புனே நகரையே பார்ப்போம். இங்குள்ள பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவுகளில் செய்யப்பட்டு 2021-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மருந்துக்கு மசியாத கிருமிகளே இங்கு பெருந்தொல்லை என்று காட்டியது. அவற்றுள் கிளெப்சியெல்லா முன்னிற்கிறது. தில்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,530 குழந்தைகளைக் கவனித்தார்கள். நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு இரத்தத் தொற்று கண்டது. கிருமி உறுதிப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். மறுபாதிப்பேர் ‘பிழைத்தவர்கள்’. அவர்களைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

புனேக்கு இந்தத் துயரம் புதிதன்று. ஆனந்திபாய் ஜோஷியின் பெயரைக் கேளாதார் இங்கில்லை. பதினான்காம் வயதில் அவர் பெற்ற மகன் பத்தே நாளில், உரிய மருத்துவ உதவியின்றி இறந்தான். அந்தத் துயரமே அவரைக் கடல் கடந்து சென்று டாக்டராகத் தூண்டியது. 1886-இல் பென்சில்வேனியாவில் பட்டம் பெற்றுத் திரும்பியவர், நோயாளி ஒருவரையும் பாராமலே 1887 பிப்ரவரி 26-இல் இதே புனேயில் மறைந்தார், வயது இருபத்தொன்று. அவர் தொடங்க எண்ணிய பணியை ஒரு நூற்றாண்டுக்குப் பின் இம்மாநிலத்தின் மறுகோடியில், கட்சிரோலிக் காட்டு மாவட்டத்தில், அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் செய்து காட்டினர். 39 சிற்றூர்களில், ஓரளவே படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையின் மூச்சை எண்ணவும், உடலைக் கதகதப்பாக வைக்கவும், தொற்றின் குறி கண்டால் ஜென்டாமைசின் ஊசி போடவும் அவர்கள் கற்றனர். தொற்று கண்டவர்களுள் இறப்போர் நூற்றுக்கு 16.6-இலிருந்து 2.8 ஆகக் குறைந்தனர். 1999-இல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஊசியைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு ஊசியைவிடப் பெரிதாகப் படுவது, அந்தப் பெண் ஒருமுறை வந்து போகாமல் முதல் மாதம் முழுவதும் மறுபடி மறுபடி அந்த வீட்டுப் படியேறினாள் என்பதே.

அம்முறையைத் தழுவி 2011 முதல் நாடு முழுவதும் ஆஷாப் பணியாளர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆறு வருகை. நல்ல ஏற்பாடு. ஆனால் கடுந்தொற்றால் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து இருபத்திரண்டாம் நாள் வீடு வரும் பிள்ளைக்கு எஞ்சுவது இரண்டு வருகைதான்! யாருக்குக் காவல் மிகுதியாக வேண்டுமோ அவருக்கே வருகை குறைகிறது. வீடு திரும்பிய நாளை முதல் நாளாக வைத்து இரண்டு மாதம் எண்ண வேண்டும் என்பது என் கோரிக்கை. ஸ்கேன் எடுத்துத் தைமஸை அளக்க முடிந்த மருத்துவமனைகள் அளக்கட்டும். அளக்க முடியாத இடத்தில், அது சுருங்கியே இருக்கிறது என்று கொண்டு நடப்பதில் என்ன நட்டம்?

தமிழ்நாட்டார் நமக்கு இதில் தனியே சில சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆயிரம் பிறப்புக்கு ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் இந்தியாவில் இருபது, மகாராஷ்டிரத்தில் பதினொன்று, தமிழ்நாட்டில் ஒன்பது. இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ளும் நாம், வீட்டுக்குள் என்ன செய்கிறோம்? பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரைச் ‘சேனை’ என்று நாவில் தொட்டு வைக்க உறவினருள் குணவான் யார் எனத் தேடுகிறோம். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வீடுகள் இன்றும் உண்டு. கழுதைப்பால்காரர் தெருவில் குரல் கொடுத்தால் சங்கை எடுத்துக்கொண்டு ஓடுவோர் பட்டதாரிகளிலும் உண்டு. மராத்தியர் வீட்டிலும் பிள்ளைக்கு ‘குட்டி’ மருந்தை உரைத்துப் புகட்டும் வழக்கம் உண்டு. ஆகவே நம்மை மட்டும் நாம் ஏசிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தைமஸ் சுருங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு சொட்டு அழுக்கு நீர் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தையின் தைமஸ் நான்காம் மாதத்தில், புட்டிப்பால் குடித்த குழந்தையுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்ததை டென்மார்க்கில் 1996-இல் அளந்து வெளியிட்டார்கள். தேய்ந்த சுரப்பிக்கு மருந்து தேடி அலைவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் தாயின் மடியே. தாய்க்குப் பால் இல்லையெனில் தாய்ப்பால் வங்கிகள் உண்டு. ஆசியாவிலேயே முதலாவது 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது.

நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழருக்கு மராத்தி தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நேற்று வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கு, மருத்துவமனை விடைகொடுக்கும்போது நீட்டும் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. செவிலி சொல்லும் அறிவுரை மராத்தியில் இருக்கிறது. இரண்டும் அவளுக்கு எட்டுவதில்லை. ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள் நாம் அச்சிட்டுக் கொடுக்கலாம். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டால் அல்லது கொதித்தால், மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினால், மார்பு உள்ளே குழிந்தால், வலிப்பு கண்டால், தொட்டும் அசையாமல் துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே எடுத்துச் செல்ல வேண்டும். தொடுமுன் சோப்பால் கை கழுவ வேண்டும். தொப்புளில் எதையும் தடவலாகாது. தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா. தடுப்பூசி நாள் தவறலாகாது. இவற்றோடு, ‘பிள்ளை தேறிவிட்டாலும் இரண்டு மாதம் கண்ணும் கருத்துமாக இருங்கள்’ என்ற வரியும் வேண்டும். மருத்துவம் பயிலும் நண்பர்கள் இருவர் சரிபார்த்துத் தந்தால் நான் எழுதித் தருகிறேன். அச்சுச் செலவுக்கு நிதி இல்லை என்று பொருளாளர் சொல்லக்கூடும். ஆண்டு மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டைக் குறைத்தாலே போதும்.